மென்பொருளோடு வரும் ப்ளக்இன்களை வைத்தே ஒரு பாட்டை மிக்ஸ் செய்து முடிப்பது எப்படி

ரீப்பர், லாஜிக் ப்ரோ, ஏபிள்டன் லைவ், எஃப்எல் ஸ்டுடியோ, கியூபேஸ் என்று எந்த இசை மென்பொருளை வைத்திருந்தாலும், ஒரு பாட்டை மிக்ஸ் செய்து முடிக்கத் தேவையான ப்ளக்இன்கள், அதாவது ஈக்யூ (அலைவரிசைகளை ஏற்றி இறக்குவது), கம்ப்ரஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அடக்குவது), ரிவெர்ப் (அறையின் முழக்கம்), டிலே (எதிரொலி), லிமிட்டர் (உச்சத்தைத் தாண்டவிடாதது) எல்லாம் அதோடு சேர்ந்தே வந்துவிடுகின்றன. ஆனாலும் புதிதாக வருகிறவர்கள் பலர் முதல் பாட்டு முடியும் முன்பே ப்ளக்இன் தள்ளுபடி எங்கே என்று தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். மிக்ஸ் கொழகொழவென்று கேட்கிறதென்றால், ஈக்யூ சரியில்லை என்பது பெரும்பாலும் காரணமாக இருக்காது. 250 ஹெர்ட்ஸ் பக்கம் கிட்டார், கீபோர்டு, பேஸ், குரல் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். அதை எந்த ஈக்யூவாலும் சரிசெய்யலாம், கைவசம் இருப்பதாலும்தான். எது உண்மையிலேயே போதும், எது போதாது என்பதை நம்பிக்கையை வைத்து முடிவு செய்ய வேண்டாம், சோதித்தே பார்த்துவிடலாம்.

முதல் வேலை: எல்லாம் இறங்கியிருக்கிறதா?

"இதில் நல்ல சவுண்டே இல்லை" என்று சொல்கிறவர்களில் பலர், வந்ததில் பாதியைக்கூட இன்ஸ்டால் செய்திருக்க மாட்டார்கள். லாஜிக் முதலில் ஒரு அடிப்படைத் தொகுப்பை மட்டுமே இறக்கும். மீதி சவுண்ட் லைப்ரரியை நாமே தேர்ந்தெடுத்து இறக்க வேண்டும். லைவில் பேக்குகள் தனியே, கியூபேஸில் ஹேலியன் சோனிக், க்ரூவ் ஏஜென்ட் ஆகியவற்றுக்கான கன்டென்ட் தனியே. டிஸ்கில் இடமில்லையென்றால் வெளி எஸ்எஸ்டிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சுழலும் ஹார்ட் டிஸ்கில் போட்டால் பெரிய சாம்பிள் கருவிகள் வாசிக்கும்போது திக்கும்.

எந்தப் பதிப்பு வைத்திருக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். லாஜிக்கிலும் ரீப்பரிலும் இந்தப் பிரிவினையே கிடையாது. லைவில் ஆப்பரேட்டர், வேவ்டேபிள் இரண்டும் சூட் பதிப்பில்தான் வரும். எஃப்எல் ஸ்டுடியோவின் ஃப்ரூட்டி பதிப்பில் ஆடியோ ரெக்கார்டிங்கே கிடையாது, புரொட்யூசர் பதிப்பு வேண்டும். வெளி ப்ளக்இன்களுக்குச் செலவழிக்க நினைக்கும் பணத்தில் மேல் பதிப்புக்கு ஏற முடியுமா என்று முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். பல நேரம் அதுதான் லாபம்.

ஈக்யூ: நல் டெஸ்ட் போட்டால் சந்தேகம் தீரும்

சுத்தமான டிஜிட்டல் ஈக்யூ என்பது கணக்குதான். பெல் (ஒரு புள்ளியைச் சுற்றி ஏற்றி இறக்குவது), ஷெல்ஃப் (ஒரு புள்ளிக்கு மேலோ கீழோ முழுவதையும் ஏற்றி இறக்குவது), ஹைபாஸ் (ஒரு புள்ளிக்குக் கீழே உள்ளதை வெட்டுவது) ஆகியவற்றுக்கான சமன்பாடுகள் பல ஆண்டுகளாகப் பொதுவிலேயே கிடைக்கின்றன. அதனால் விலை கொடுத்து வாங்கிய ஈக்யூவும் ரீப்பரோடு வரும் ரியாஈக்யூவும் ஒரே வளைவைப் போட்டால் வெளியே வருவது ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். கண்ணால் பார்க்க, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து மிச்சத்தைப் பார்க்கும் நல் டெஸ்ட்டை இப்படிச் செய்யுங்கள்:

1. ஒரு முழுப் பாட்டின் வேவ் ஃபைலை இரண்டு ட்ராக்கில், ஒரே இடத்தில், ஒரே லெவலில் வையுங்கள்.
2. இரண்டாவது ட்ராக்கின் போலாரிட்டியை, அதாவது அலையைத் தலைகீழாகத் திருப்புங்கள். ரீப்பரில் ட்ராக்கிலேயே பட்டன் இருக்கிறது. லைவில் யூட்டிலிட்டி, லாஜிக்கில் கெயின் ப்ளக்இன் இதைச் செய்யும். ப்ளே செய்தால் முழு மௌனம் வர வேண்டும். வரவில்லையென்றால் ஃபேடரோ பேனோ எங்கோ மாறியிருக்கிறது. அதைச் சரிசெய்த பிறகே மேலே போங்கள்.
3. முதல் ட்ராக்கில் கூடவே வந்த ஈக்யூவைப் போட்டு 3 கிலோஹெர்ட்ஸில் பெல், 4 டெசிபல் ஏற்றம், கியூ (வளைவின் அகலத்தைக் குறிக்கும் எண்) 1 என்று வையுங்கள். இரண்டாவதில் டெமோவாக இறக்கிய விலையுள்ள ஈக்யூவில் அதே எண்களைப் போடுங்கள்.
4. மாஸ்டர் மீட்டரைப் பாருங்கள். ஏதாவது மிச்சம் கேட்டால் இரண்டாவது ஈக்யூவின் கியூவை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, மிச்சம் எங்கே மிகக் குறைவாகிறது என்று தேடுங்கள்.

நான்காவது படி ஏன் என்றால், கியூ என்ற எண்ணை எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி வரையறுப்பதில்லை. இங்கே 1 என்பது அங்கே 0.7 ஆக இருக்கலாம். அது பொருந்தியதும் மிச்சம் சடாரென்று இறங்கும். மீட்டர் -80 டெசிபலுக்குக் கீழே போய்விட்டால், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது எந்தக் காதும் அந்த வித்தியாசத்தைப் பிடிக்காது.

இதே சோதனையை 14 கிலோஹெர்ட்ஸில் திரும்பச் செய்யுங்கள். இப்போது மிச்சம் எளிதில் இறங்காது. 44.1 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட் உள்ள ப்ராஜெக்ட்டில், அதில் பாதியான 22,050 ஹெர்ட்ஸோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. சாதாரண ஈக்யூவின் பெல் அந்த எல்லையை நெருங்கும்போது வலது பக்கம் நசுங்கிக் குறுகும். அதைத் திருத்தி எழுதிய ஈக்யூக்களில் வளைவு நசுங்காமல் இருக்கும். இதைத்தான் காது "காற்றோட்டமாக இருக்கிறது" என்று உணர்கிறது. இதற்காக வாங்கத் தேவையில்லை. லைவின் ஈக்யூ எய்ட்டில் ஓவர்சாம்ப்ளிங்கை (உள்ளே இன்னும் உயர்ந்த சாம்பிள் ரேட்டில் கணக்கிடுவதை) ஆன் செய்யலாம். மற்றவற்றில் பெல்லுக்குப் பதிலாக 8 அல்லது 10 கிலோஹெர்ட்ஸில் அகலமான ஹை ஷெல்ஃப் போட்டால், அதே வெளிச்சம் கிட்டத்தட்ட கிடைத்துவிடும்.

பழைய கன்சோல்களை மாடல் செய்த ஈக்யூக்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அவை வளைவோடு சேர்த்துக் கொஞ்சம் டிஸ்டார்ஷனும் போடும். லீனியர் ஃபேஸ் ஈக்யூவையும் சாதாரண ஈக்யூவையும் நல் செய்து பார்க்காதீர்கள். வளைவு ஒன்றாக இருந்தாலும் ஃபேஸ் (அலையின் நேர நிலை) வேறு என்பதால் மிச்சம் இருந்துகொண்டேதான் இருக்கும்.

சத்தத்தைச் சமமாக்காமல் எதையும் ஒப்பிடாதீர்கள்

ஒரு டெசிபல் கூடினாலே காது அதை "இன்னும் நன்றாக இருக்கிறது" என்று எடுத்துக்கொள்ளும். ப்ளக்இன் வாங்கியவுடன் பாட்டு உயிர் பெற்றதாகத் தோன்றுவதில் பெரும்பங்கு இதுதான். பல ப்ரீசெட்கள் வேண்டுமென்றே சத்தம் கூடும்படி செய்யப்பட்டவை.

செயினின் கடைசியில் ஒரு லவுட்னஸ் மீட்டர் வையுங்கள். லாஜிக்கிலும் ரீப்பரிலும் கூடவே வருகிறது. இல்லையென்றால் யூலீன் லவுட்னஸ் மீட்டரின் இலவசப் பதிப்பு போதும். பாட்டின் ஒரே பகுதியை ப்ளக்இன் பைபாஸிலும் ஆனிலும் ஓடவிட்டு, மீட்டர் காட்டும் சத்த அளவான எல்யூஎஃப்எஸ் எண்கள் இரண்டையும் குறித்துக்கொண்டு, வித்தியாசத்தை ப்ளக்இனின் அவுட்புட்டில் கழித்துவிடுங்கள். 0.2 அளவுக்குள் வந்துவிட்டால் போதும். கம்ப்ரஸரில், குறைந்த சத்தத்தைத் தானே ஈடுகட்டும் ஆட்டோ மேக்கப்பை முதலிலேயே அணைத்துவிடுங்கள். லாஜிக்கில் அதற்குப் பெயர் ஆட்டோ கெயின், லைவில் மேக்கப். அது ஆனில் இருக்கும்வரை த்ரெஷோல்டை (அழுத்தம் தொடங்கும் அளவை) இறக்க இறக்க சத்தம் ஏறும், எவ்வளவு நசுக்குகிறோம் என்று தெரியாமல் போய்விடும்.

கம்ப்ரஸர்: எண்ணைக் காப்பியடிக்காதீர்கள், ஊசியைப் பாருங்கள்

"குரலுக்கு அட்டாக் 10 மில்லிசெகண்ட்" என்று எங்கேயாவது படித்துவிட்டு, அதை வேறொரு கம்ப்ரஸரில் போட்டால் அதே விளைவு வராது. அட்டாக் என்பது கம்ப்ரஸர் அழுத்த எடுக்கும் நேரம், ரிலீஸ் என்பது விட எடுக்கும் நேரம். 10 மில்லிசெகண்ட்டுக்குள் எவ்வளவு தூரம் குறைக்க வேண்டும் என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கணக்கிடுகிறார்கள். எண்ணைத் தொடக்கப் புள்ளியாக மட்டும் வைத்துக்கொண்டு, கெயின் ரிடக்‌ஷன் மீட்டர் (எவ்வளவு குறைகிறது என்று காட்டும் ஊசி) பாட்டோடு எப்படி ஆடுகிறது என்று பாருங்கள்.

கூடவே வரும் கம்ப்ரஸர்களைப் பலரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். லாஜிக்கின் கம்ப்ரஸருக்குள் ஏழு சர்க்யூட் வகைகள் இருக்கின்றன. வின்டேஜ் எஃப்இடி, வின்டேஜ் ஆப்டோ, வின்டேஜ் விசிஏ என்று மாற்றினால் நடத்தையே மாறும். லைவின் க்ளூ கம்ப்ரஸரை உருவாக்கியதில் சைட்டோமிக் நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. ரீப்பரின் ரியாகாம்ப் பார்க்க அழகாக இருக்காது. ஆனால் ப்ரீ-காம்ப், ஆர்எம்எஸ் அளவு, டிடெக்டருக்கான (எதைக் கேட்டு அழுத்துவது என்று பார்க்கும் பகுதிக்கான) லோபாஸ், ஹைபாஸ் என்று விலையுள்ள பல கம்ப்ரஸர்களில் இல்லாத கட்டுப்பாடுகள் அதில் இருக்கின்றன.

கிக் ட்ரம் விழும்போது பேஸைச் சற்று இறக்கி இரண்டையும் பிரிக்கும் சைட்செயின் வேலையை எல்லா மென்பொருளிலும் கூடவே வருவதை வைத்தே செய்யலாம். ரீப்பரில் கிக் ட்ராக்கிலிருந்து பேஸ் ட்ராக்குக்கு ஒரு சென்ட் (ஒலியின் நகலை அனுப்பும் வழி) போட்டு, அதைச் சேனல் 3/4க்கு அனுப்புங்கள். பேஸில் இருக்கும் ரியாகாம்பில் டிடெக்டர் இன்புட்டை ஆக்சிலியரி இன்புட்டுக்கு மாற்றுங்கள். லைவில் கம்ப்ரஸரின் இடதுபுற முக்கோணத்தை விரித்து, சைட்செயினை ஆன் செய்து, ஆடியோ ஃப்ரம் என்பதில் கிக்கைத் தேர்ந்தெடுங்கள். எஃப்எல்லில் மிக்ஸரில் கிக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பேஸ் ட்ராக்கின் அடியில் உள்ள அம்பில் வலது கிளிக் செய்து, சைட்செயின் டு திஸ் ட்ராக் என்பதைக் கொடுங்கள். பிறகு பேஸில் ஃப்ரூட்டி லிமிட்டரைப் போட்டு, காம்ப் பக்கத்தில் சைட்செயின் எண்ணை 1 ஆக்குங்கள். லாஜிக்கில் ப்ளக்இன் சன்னலின் மேல் வலதுபுறத்திலேயே சைட்செயின் மெனு இருக்கிறது.

ரேஷியோ (எவ்வளவு கடுமையாக அழுத்துவது) 4:1, அட்டாக் 1 முதல் 3 மில்லிசெகண்ட், ரிலீஸ் 100 என்று தொடங்கி, கிக் விழும்போது 3 அல்லது 4 டெசிபல் இறங்கும்வரை த்ரெஷோல்டைக் குறையுங்கள். ரிலீஸில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். 120 பிபிஎம் பாட்டில் ஒவ்வொரு பீட்டுக்கும் கிக் இருந்தால் இடைவெளி 500 மில்லிசெகண்ட். ரிலீஸ் அதை நெருங்கினால் பேஸ் முழுதாக எழவே எழாது, பாட்டு முழுக்க அடங்கியே கிடக்கும். மறுபக்கம், ரிலீஸை 10, 15 என்று இறக்கினால் பேஸ் கரகரக்கும். 50 ஹெர்ட்ஸ் அலை ஒரு சுற்று முடிக்கவே 20 மில்லிசெகண்ட் ஆகிறது. அதைவிட வேகமாகக் கம்ப்ரஸர் ஏறி இறங்கினால், அலையின் வடிவத்தையே கடித்துவிடும். இந்தக் கரகரப்பைக் கேட்டுவிட்டுக் கம்ப்ரஸர் மட்டம் என்று முடிவுகட்ட வேண்டாம். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கம்ப்ரஸரிலும் அந்த செட்டிங் இதையேதான் செய்யும்.

குரல் செயின்

முதலில் ஹைபாஸ். ஆண் குரலுக்கு 80 ஹெர்ட்ஸ், பெண் குரலுக்கு 100 முதல் 120 வரை, ஆக்டேவுக்கு 12 டெசிபல் சரிவில். இது கம்ப்ரஸருக்கு முன்னால்தான் வர வேண்டும். "ப", "ப்ர" போன்ற எழுத்துகளின் காற்றடி கம்ப்ரஸருக்குள் போனால், அந்தத் தும்முக்காக முழுக் குரலும் ஒரு கணம் பின்வாங்கும். 200 முதல் 400 ஹெர்ட்ஸ் பகுதியில் அடைத்த மாதிரி இருந்தால் 2 அல்லது 3 டெசிபல் குறையுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

அடுத்து ஒரே கம்ப்ரஸரை 8 டெசிபல் அழுத்தாமல் இரண்டாகப் பிரியுங்கள். முதலாவது வேகமானது: 4:1, அட்டாக் 2 முதல் 5, ரிலீஸ் 50, உச்சங்களில் மட்டும் 3 டெசிபல். இரண்டாவது நிதானமானது: 2:1, அட்டாக் 20, ரிலீஸ் 150, எப்போதும் 2 முதல் 3 டெசிபல். லாஜிக்கில் முதலாவதை வின்டேஜ் எஃப்இடி, இரண்டாவதை வின்டேஜ் ஆப்டோ என்று வையுங்கள்.

"ஸ்" சத்தத்தை அடக்கும் டீஎஸ்ஸர் இவற்றுக்குப் பின்னால் வரட்டும். கம்ப்ரஸர் உயிரெழுத்துகளின் பெரிய சத்தத்தைத்தான் அழுத்தும். "ஸ", "ச" தப்பித்துவிடும், மேக்கப் கெயின் அவற்றை இன்னும் தூக்கிக் காட்டும். லாஜிக்கிலும் கியூபேஸிலும் டீஎஸ்ஸர் கூடவே வருகிறது. மற்றவற்றில் கம்ப்ரஸரின் டிடெக்டரை வடிகட்டியே அந்த வேலையைச் செய்யலாம். ரியாகாம்பில் ஹைபாஸை 5 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றி, ப்ரிவ்யூ ஃபில்டரை டிக் செய்து, "ஸ்" சத்தம் மட்டும் கேட்கும் இடத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் 5 முதல் 9 கிலோஹெர்ட்ஸுக்குள் கிடைக்கும். டிக்கை எடுத்துவிட்டு, அட்டாக் 1, ரிலீஸ் 30 வைத்து 3 முதல் 5 டெசிபல் குறையுங்கள். இந்த முறையில் "ஸ்" வரும்போது முழுக் குரலும் சேர்ந்தே இறங்கும் என்பதால், அளவு மீறினால் பாடகருக்கு நாக்கு தடித்தது போலக் கேட்கும். மேல் பகுதியை மட்டும் தனியாக அழுத்த ரீப்பரின் ரியாஎக்ஸ்காம்ப், லைவின் மல்டிபேண்ட் டைனமிக்ஸ், எஃப்எல்லின் மாக்ஸிமஸ் ஆகியவை இருக்கின்றன.

ரெக்கார்டிங்கில் மின்விசிறி இரைச்சல் இருந்தால், ரீப்பரில் ரியாஃபிர் எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டும். மோடை சப்ட்ராக்ட் ஆக்கி, நாய்ஸ் ப்ரொஃபைலைத் தானே உருவாக்கும் பெட்டியை டிக் செய்து, யாரும் பாடாத ஓரிரு செகண்டை மட்டும் ஓடவிடுங்கள். உடனே டிக்கை எடுங்கள். எடுக்க மறந்தால் அது குரலையும் இரைச்சல் என்று கற்றுக்கொண்டு மென்று தின்றுவிடும். தண்ணீருக்குள் பேசுவது போலக் கேட்டால் சிவப்பு வளைவைச் சற்றுக் கீழே இறக்குங்கள். கொஞ்சம் இரைச்சல் மிஞ்சியிருப்பது அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைவிட எவ்வளவோ மேல். மின்சார ஹம் மட்டும்தான் பிரச்சினை என்றால் இதெல்லாம் வேண்டாம். 50, 100, 150 ஹெர்ட்ஸிலும், 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் 60, 120, 180இலும் ஈக்யூவில் மிகக் குறுகிய நாட்ச் வெட்டுகளைப் போட்டாலே போய்விடும்.

ரிவெர்பும் டிலேவும்

கூடவே வருவதில் உண்மையாகவே தரம் ஏறி இறங்கும் இடம் இது. லாஜிக்கின் க்ரோமாவெர்ப், லைவின் ஹைப்ரிட் ரிவெர்ப் இரண்டும் நல்லவை. ரீப்பரின் ரியாவெர்பேட் உலோகத் தகரம் போல ஒலிக்கும், வால் நீளமானால் இன்னும் மோசம். ஆனால் ரீப்பரிலேயே ரியாவெர்ப் என்ற, நிஜ இடத்தின் முழக்கப் பதிவை வைத்து வேலை செய்யும் கன்வல்யூஷன் ரிவெர்பும் இருக்கிறது. லாஜிக்கில் ஸ்பேஸ் டிசைனர், கியூபேஸில் ரெவரன்ஸ், எஃப்எல்லில் ஃப்ரூட்டி கன்வால்வர் இதே வகை. இவற்றின் தரம் நீங்கள் ஏற்றும் அந்தப் பதிவில், அதாவது இம்பல்ஸ் ஃபைலில்தான் இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் நல்ல இம்பல்ஸ்கள் ஏராளம். நீங்களே ஒரு கூடத்தில் பலூனை உடைத்து, ஸ்டீரியோவில் ரெக்கார்ட் செய்து, உடையும் கணத்துக்குச் சரியாக முன்பக்கத்தை வெட்டினால், அந்தக் கூடமே உங்கள் ரிவெர்ப் ஆகிவிடும். முன்னால் மௌனத்தை விட்டுவிட்டால் அது தேவையில்லாத ப்ரீ-டிலே (ரிவெர்ப் தொடங்கும் முன் வரும் தாமதம்) ஆகிவிடும்.

ரிவெர்பைக் குரல் ட்ராக்கில் நேரடியாகப் போடாமல் தனி பஸ்ஸில் (பல ட்ராக்குகள் வந்து சேரும் சேனலில்) வைத்து சென்ட் மூலம் அனுப்புங்கள். பஸ்ஸில் வெட் (எஃபெக்ட்) முழுதாக, ட்ரை (அசல் ஒலி) பூஜ்யமாக இருக்க வேண்டும். ட்ரையைக் குறைக்க மறந்தால், சென்ட்டை ஏற்றும்போது ரிவெர்போடு குரலும் ஏறும். ப்ரீ-டிலே 20 முதல் 40 மில்லிசெகண்ட். ரிவெர்புக்கு முன்னால் ஒரு ஈக்யூ போட்டு 300 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 7 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டுங்கள். சாதாரண ரிவெர்பை விலையுள்ளது போல ஒலிக்க வைப்பதில் இந்த ஒரு ஈக்யூவுக்கு ஈடு எதுவும் இல்லை.

டிலேவில் டெம்போ சின்க் இல்லையென்றால் 60,000ஐ பிபிஎம்மால் வகுங்கள். 96 பிபிஎம்முக்குக் கால் நோட் 625 மில்லிசெகண்ட், அரைக்கால் 312.5.

எங்கே இவை போதாது

ஒலியை லேசாகச் சிதைத்து அடர்த்தி கூட்டும் சாச்சுரேஷன் ப்ளக்இன்களைச் சோதித்த பிறகே நம்புங்கள். 10 கிலோஹெர்ட்ஸ் சைன் டோனை அதன் வழியே அனுப்பி, ட்ரைவை ஏற்றி, அனலைசரில் பாருங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸில் மூன்றாவது ஹார்மோனிக் (மூன்று மடங்கு அலைவரிசை) 30 கிலோஹெர்ட்ஸில் விழ வேண்டும். அங்கே இடமில்லாததால் மடங்கி 14.1 கிலோஹெர்ட்ஸில் வந்து நிற்கும். அது பாட்டின் ஸ்வரத்தோடு சம்பந்தமே இல்லாத சத்தம். ஓவர்சாம்ப்ளிங் அல்லது ஹை குவாலிட்டி என்ற தேர்வு இருந்தால் ஆன் செய்யுங்கள், அந்தக் கோடு இறங்குவது தெரியும். அப்படி ஒரு தேர்வே இல்லாத ப்ளக்இனைச் சிம்பல், ஹைஹேட் போன்றவற்றில் பலமாகப் போடாதீர்கள். பேஸில் போட்டால் பெரிதாகத் தெரியாது.

குரலின் சுருதியை நோட் நோட்டாகத் திருத்துவது இன்னொரு இடம். லாஜிக்கில் ஃப்ளெக்ஸ் பிட்ச், கியூபேஸில் வாரிஆடியோ, எஃப்எல்லில் நியூடோன் இருக்கின்றன. ரீப்பரின் ரியாட்யூன் அந்த அளவுக்கு வராது. ரீப்பரில் நிறையக் குரல் வேலை செய்கிறவர்கள் முதல் செலவைச் சுருதி திருத்தும் மெலடைனுக்குச் செய்தால் அது வீண் போகாது. எதிரொலி நிறைந்த அறையில் எடுத்த குரலைக் காப்பாற்றவும், க்ளிக், க்ராக்கிள்களை நுணுக்கமாக எடுக்கவும் ஐசோடோப் ஆர்எக்ஸ் போன்ற தனிக் கருவி வேண்டும். பெரிய ஆர்க்கெஸ்ட்ரா சாம்பிள்களும் அப்படித்தான்.

லிமிட்டரில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். கூடவே வரும் சில லிமிட்டர்கள் சாம்பிள் உச்சத்தை மட்டுமே பிடிக்கும், சாம்பிள்களுக்கு இடையே எழும் ட்ரூ பீக்கைப் பிடிக்காது. அதனால் சீலிங்கை -0.1இல் விட்டால் எம்பி3 ஆகும்போது கிளிப் ஆகலாம். -1 டெசிபலில் வையுங்கள்.

ப்ராஜெக்ட்டைக் கைமாற்றும்போது

கூடவே வருபவற்றின் பெரிய பலம், அதே மென்பொருள் இருக்கும் எந்தக் கம்ப்யூட்டரிலும் ப்ராஜெக்ட் அப்படியே திறக்கும் என்பது. லைசென்ஸ் டாங்கிள் (லைசென்ஸ் இருக்கும் யூஎஸ்பி) தேடி அலைய வேண்டியதில்லை. 2019இல் மேக்ஓஎஸ் கேட்டலினா 32-பிட் ஆதரவை நிறுத்தியபோதும், 2020இல் ஆப்பிள் சொந்தச் சிப்புக்கு மாறியபோதும் வெளி ப்ளக்இன்கள் பலவற்றின் அப்டேட்டுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. சில வரவே இல்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. லாஜிக்கின் ப்ளக்இன் கியூபேஸில் திறக்காது. வேறு மென்பொருள் வைத்திருப்பவருக்கு அனுப்ப வேண்டுமென்றால் ஒவ்வொரு ட்ராக்கையும் இரண்டு தடவை ரெண்டர் செய்யுங்கள்: ஒன்று எஃபெக்ட்களோடு, மற்றொன்று எஃபெக்ட் இல்லாமல். 24-பிட் வேவ், எல்லாம் பூஜ்ய நேரத்திலிருந்து தொடங்க வேண்டும், டெம்போவை ஃபைல் பெயரிலேயே எழுதுங்கள். ரிவெர்ப் பஸ்களைத் தனி ஃபைலாகக் கொடுங்கள், குரலோடு ஒட்டிக் கொடுத்தால் எதிரில் இருப்பவரால் பிரிக்க முடியாது. ரீப்பரின் ப்ளக்இன்கள் பல இதில் விதிவிலக்கு. விண்டோஸில் ரியாப்ளக்ஸ் என்ற இலவசத் தொகுப்பாக இறக்கி, வேறு மென்பொருளிலும் போட்டுக்கொள்ளலாம்.

அடிக்கடி போடும் செட்டிங்குகளை டிஃபால்ட் ஆக்கிவிடுங்கள். ரீப்பரில் ப்ளக்இன் சன்னலின் + பட்டனிலும், லைவில் டிவைஸின் தலைப்பில் வலது கிளிக்கிலும் அந்தத் தேர்வு இருக்கிறது. ஈக்யூ திறக்கும்போதே 80 ஹெர்ட்ஸ் ஹைபாஸ் தயாராக, ஆனால் அணைந்த நிலையில் இருக்கட்டும். கம்ப்ரஸர் ஆட்டோ மேக்கப் இல்லாமலும், ரிவெர்ப் முழு வெட்டிலும் திறக்கட்டும்.